ஐந்தாவது ஊசியை அன்று போட்டிருக்க வேண்டியதில்லை

அப்பா நாற்பது வருடமாக அல்சூர், இந்திராநகர் பக்கம் பிளம்பிங் வேலை பார்த்தவர். போன ஆகஸ்டில் வயிறு உப்பி, மூன்று நாளாக வெளிக்குப் போகாமல், கேஸ்தான் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ராத்திரி வாந்தி நிற்கவில்லை. அவசரமாக ஆபரேஷன் செய்தபோதுதான் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. குடலில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஈரலில் மூன்று இடத்தில் பரவியிருந்தது. அம்மா இல்லை. தம்பி துபாயில். நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மாசம் முழுக்க மற்றவர்கள் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பவள், அப்பாவின் வைத்தியத்தில் ஒரு தேதியைக் கோட்டைவிட்டேன். அதையும் அதற்கு முன்னால் நடந்த சில்லறைத் தப்புகளையும்தான் எழுதப் போகிறேன். ஆஸ்பத்திரி பெயர்கள் வேண்டாம்.

புண் ஆறியதும் அக்டோபர் முதல் வாரம் கீமோ ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ் இரண்டு மணி நேரம், அன்று தொடங்கிப் பதினான்கு நாள் கேப்சிடாபின் மாத்திரை காலையும் மாலையும், பிறகு ஒரு வாரம் ஓய்வு. இதோடு பெவாசிசுமாப் என்று இன்னொரு ஊசி. எல்லோரும் சுருக்கமாக ‘பெவா’ என்றார்கள். "இது கீமோ இல்ல மேடம், டார்கெட்டட். கட்டிக்குப் போற ரத்தக்குழாயை இது பார்த்துக்கும்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். கூடவே வருகிற ஏதோ சத்து ஊசி மாதிரி அதை மனசில் போட்டுக்கொண்டேன். என் முதல் தப்பு அதுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்து வந்தவை.

அப்பா அப்படி விடவில்லை. டேகேரில் படுத்துக்கொண்டே ஜூனியர் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, கட்டிக்குப் போற லைனை இது அடைச்சிடும்னா, அதே லைன்லதானே உங்க கீமோவும் போவணும்? மெயின் வால்வை மூடிட்டு மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்தற கதையால்ல இருக்கு?" அந்தப் பெண் ஓசூர்க்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொன்னதையும் பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென்று புதிதாக ரத்தக்குழாய் வேண்டும். 1971ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க சர்ஜன், அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று எழுதினார். குழாய் வளரச் சொல்லிக் கட்டி அனுப்புகிற புரதம் வி.இ.ஜி.எஃப். அதைப் பிடித்து முடக்குவதுதான் பெவா. 2004ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது, அதுவும் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான். ஆனால் அப்பா கேட்ட கேள்வி ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. பட்டினி போடுவதுதான் வேலை என்றால் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது ஏன் நன்றாக வேலை செய்கிறது? கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ராகேஷ் ஜெயின் 2001ல் ஒரு விளக்கம் சொன்னார். கட்டி அவசரத்தில் கட்டிக்கொண்ட குழாய்கள் கோணல்மாணல், எங்கே பார்த்தாலும் ஒழுகல். ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் கட்டிக்குள்ளேயே தேங்கி, வெளி அழுத்தம் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது. அப்புறம் மருந்து எதை நம்பி உள்ளே இறங்கும்? சில இடத்தில் ரத்தமே நின்று போகிறது. வி.இ.ஜி.எஃப்பைக் கொஞ்சம் அடக்கினால் வேண்டாத குழாய்கள் உதிர்ந்து, மிச்சம் இருப்பவை ஒழுங்குக்கு வரும், அழுத்தம் இறங்கும், கீமோ உள்ளே போகும். ஆனால் அது சில நாட்களுக்குத்தான். அளவு மீறினாலோ நாள் கடந்தாலோ நல்ல குழாயும் போய்விடும்.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "செவுத்துக்குள்ள ஊறி நிக்குது. வெளிய ஓதம் ஏறிட்டா உள்ள பிரஷர் பிடிக்காது" என்றார். பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான்தான் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் ஒன்றுக்கொன்று முரணாகவும் கிடைத்தது. 2004ல் மலக்குடல் புற்றுநோய்க்காரர்கள் ஆறு பேருக்கு ஒரே ஒரு டோஸ் பெவா கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கட்டிக்குள் தேங்கிய அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஜெயின் சொன்ன மாதிரியே. ஆனால் கூடவே ரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது. 2012ல் நெதர்லாந்தில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம், மருந்து உடம்புக்குள் எங்கே போகிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். பெவா கொடுத்த ஐந்து மணி நேரத்திலேயே கட்டிக்கு ரத்தம் போவது குறைந்து, டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து உள்ளே போவதும் குறைந்திருந்தது. நான்கு நாள் கழித்தும் அப்படியே. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. எங்களுக்கு முதலில் பெவா, பிறகு ஆக்சாலிபிளாட்டின் என்றுதானே ஏற்றுகிறார்கள், அப்படியானால் அத்தனையும் வீணா? மறுநாளே ஓ.பி.யில் போய், "டாக்டர், வரிசையை மாத்த முடியாதா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க படிச்சது சரிதான். ஆனா கட்டிக்குக் கட்டி, மருந்துக்கு மருந்து இது மாறும். ஆயிரக்கணக்கான பேர்கிட்ட பலன் தெரிஞ்சது ரெண்டையும் ஒரே நாள்ல கொடுத்த முறையிலதான். படத்தைப் பார்த்து நான் புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சா அதுக்கு உங்கப்பாவை வச்சு சோதனை பண்ணின மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நீங்களும் இப்படி எதையாவது படித்தால் கேளுங்கள், ஆனால் வீட்டில் உட்கார்ந்து மாத்திரை வேளையை நீங்களாக மாற்றாதீர்கள். எங்கள் வார்டிலேயே ஒருவர் அப்படிச் செய்துவிட்டு அட்மிட் ஆனார்.

இனி பணம். பெவாவுக்கு எடைக் கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். அப்பா 64 கிலோ, அதாவது 480. வயல் 400லும் 100லும்தான் வருகிறது, ஆகவே ஒவ்வொரு தடவையும் 20 மில்லிகிராம் குப்பைக்குப் போகும். முதல் தடவை ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில் இரண்டும் சேர்த்து 33,500 ரூபாய் கொடுத்தேன். இரண்டாவது சுற்றுக்கு மறுநாள் கடை லீவு என்று முதல் நாளே வாங்கிவந்தேன். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் பதறிப்போய், நன்றாகக் குளிரட்டும் என்று மருந்தை ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் டேகேர் சிஸ்டர் வயலைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மேஜையில் வைத்துவிட்டார். இந்த மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும், உறையவே கூடாது, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அட்டையில் எழுதியிருக்கிறது. நான் விலையை மட்டும்தான் படித்திருந்தேன். அங்கேயே இன்னொரு 33,500க்கு வாங்கினேன். பாத்ரூமில் போய் அழுதேன், அப்பாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால், பக்கத்து பெட் அம்மாவின் மகன் சொல்லித்தான் ஸ்டாக்கிஸ்ட் நம்பர் கிடைத்தது. அதே கம்பெனி, அதே மருந்து, பில்லோடு, ஐஸ் பெட்டியில் வைத்து, 16,800. இந்த மருந்தின் பயோசிமிலர்களை, அதாவது அசலுக்கு நிகரான நகல் மருந்துகளை, நம் நாட்டிலேயே பல கம்பெனிகள் செய்கின்றன. அட்டையில் போட்ட விலைக்கும் கையில் கிடைக்கும் விலைக்கும் இருக்கிற தூரத்தைப் பார்த்தால் வயிறு எரியும். உறைந்ததும், கூடக் கொடுத்ததுமாக எனக்குப் போனது கிட்டத்தட்ட 67,000. முதல் சுற்றுக்கு முன்பே ஆஸ்பத்திரி பார்மசியில் கூச்சப்படாமல் "டிஸ்கவுண்ட் எவ்வளவு, வேற பிராண்ட் இருக்கா, வெளியிலிருந்து கொண்டுவந்தா ஏத்துவீங்களா" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வெளி மருந்தை ஏற்றமாட்டார்கள்.

இன்ஷூரன்ஸில் இன்னொரு அடி. கம்பெனி குரூப் பாலிசியில் அப்பாவுக்கு மூன்று லட்சம் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். மூன்றாவது கிளெயிமில் பாதியைத்தான் கொடுத்தார்கள். பெவா மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை. காப்பீட்டு ஆணையம் ‘நவீன சிகிச்சை’ என்று போட்டிருக்கும் பட்டியலில் அந்த வகை ஊசியும் உண்டு, வாயில் போடும் கீமோ மாத்திரையும் உண்டு. அவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ள கம்பெனிகளுக்கு இடம் இருக்கிறது. எங்கள் பாலிசியில் அது ஒரு லட்சம். எச்.ஆரில் கேட்டபோது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. பாலிசி காகிதத்தின் கடைசிப் பக்கங்களில் ‘சப்-லிமிட்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை முதலில் பாருங்கள். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அந்த மாசம்தான் அடகுக்குப் போனது.

சங்கிலி போன ராத்திரிதான் எண்களைத் தேடினேன். 2004ல் வந்த பெரிய ஆய்வில், இரினோடிகான் உள்ள கீமோவோடு பெவா சேர்த்தபோது நடுக்கணக்கில், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் இருந்தார்கள் என்ற கணக்கில், ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதம் ஆகியிருக்கிறது. சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எங்களுக்குக் கொடுப்பது ஆக்சாலிபிளாட்டின் ஆயிற்றே. அதோடு சேர்த்துப் பார்த்த 2008 ஆய்வில், நோய் வளராமல் நின்ற காலம் 8 மாதத்திலிருந்து 9.4 மாதம். ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஒன்றரை மாசத்துக்குக்கூடக் காணாது. அதற்கா இத்தனை? டாக்டர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் முழுக்க நியாயமில்லாத கோபம் என்று இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டபோது அவர் விளக்கினார்: அப்பாவின் ஈரலில் மூன்றே இடம், சுருங்கினால் வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது, அதற்காகத்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் கடன் வாங்கும்போது எதற்காக வாங்குகிறேன் என்றாவது தெரிந்திருக்கும். "இந்த மருந்தைச் சேர்க்கலைன்னா எங்கப்பாவுக்கு என்ன வித்தியாசம்?" என்று கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம்.

உடம்புக்கு வந்தவை: நவம்பரில் மூன்றாவது சுற்றன்று பி.பி. 178க்கு 104. ஒரு வாரமாகத் தலைவலி என்றிருக்கிறார், வெயிலில் சுற்றியிருப்பார் என்று விட்டுவிட்டேன். பெவாவுக்கு பி.பி. ஏறுவது சகஜமாம். அன்று ஊசி இல்லை, மாத்திரை எழுதி நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அன்றே 1,900 ரூபாய்க்கு ஒரு பி.பி. மெஷின் வாங்கி, காலையும் ராத்திரியும் நோட்டில் எழுத ஆரம்பித்தோம். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. நான்காவது சுற்றில் சிறுநீரில் புரதம். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இரண்டு கிராமுக்குக் கீழே இருந்ததால் தொடர்ந்தார்கள். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள் என்று சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், குடலில் ஓட்டை விழலாம். பல் பிடுங்கும் முன்பும் கேட்கச் சொன்னார்.

ஆக்சாலிபிளாட்டின் வேறு ரகம். டிசம்பர் பெங்களூர் குளிரில் குழாயைத் திறந்தால் விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்பார் அப்பா. ஸ்டீல் டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக், பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெந்நீர் என்று வீட்டையே மாற்றினோம்.

தம்பி பங்குக்கு துபாயிலிருந்து ‘ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்’ கேப்சூல் மூன்று டப்பா அனுப்பினான். பூண்டுச் சாறும் ஜிங்கோவும். கட்டிக்கு ரத்தம் நன்றாகப் போனால் மருந்தும் போகும்தானே என்பது அவன் லாஜிக். பெவா போடுகிறவருக்கு ஏற்கெனவே ரத்தக்கசிவு அபாயம் உண்டு, இதையும் சேர்த்தால் யார் பொறுப்பு என்று டாக்டர் கேட்டார். டப்பா அப்படியே இருக்கிறது. போனில் தம்பியோடு பெரிய சண்டை.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஸ்கேன். ரிப்போர்ட்டில் அளவு கொஞ்சம்தான் குறைந்ததாகப் போட்டிருந்தது. இத்தனைக்கும் இவ்வளவுதானா என்று இடிந்துபோய், வேறு சென்டரில் 9,500 ரூபாய்க்கு இன்னொரு ஸ்கேன் எடுத்தேன். வீண். பெவா போடும்போது கட்டி அளவில் சுருங்காமலே உள்ளே செத்துப்போகலாம். ஸ்கேனில் அது ஒரே மாதிரிக் கறுத்து, ஓரம் கத்தரித்த மாதிரி தெளிவாகிவிடும். முதல் ஸ்கேன் படத்திலேயே அது இருந்தது, டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். எழுத்தைப் படித்துவிட்டு ஓடாமல், படத்தோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு பயப்படலாம்.

இப்போதுதான் அந்தத் தேதிக்கு வருகிறேன். டிசம்பர் 28, ஐந்தாவது சுற்று. பெவாவும் போட்டார்கள். ஜனவரி 3ஆம் தேதி ஈரல் சர்ஜனைப் பார்த்தோம். அவர் வேறு ஆஸ்பத்திரி. எடுக்கலாம் என்றார், ஜனவரி 22 என்று தேதி கொடுத்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை. 40,000 அட்வான்ஸ் கட்டினேன், பதினைந்து நாள் லீவு எழுதினேன், தம்பி டிக்கெட் போட்டான். 20ஆம் தேதி மயக்க மருந்து டாக்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "பெவா கடைசியா எப்போ?" என்றார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

ரத்தக்குழாய் புதிதாக முளைப்பதைத் தடுக்கிற மருந்து, ஆபரேஷன் புண் ஆறுவதையும் தடுக்கும். புண் ஆறப் புதுக்குழாய் வேண்டுமே. உடம்பில் பாதி குறையவே இருபது நாள் ஆகும் மருந்து அது. ஆபரேஷனுக்குக் குறைந்தது 28 நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும். ஈரல் என்றால் ஐந்தாறு வாரம் வேண்டும் என்றார்கள். ஆகஸ்டில் குடல் ஆபரேஷனுக்குப் பிறகு எங்களைக் காக்கவைத்ததும் இதே காரணத்துக்குத்தான், அப்போது எனக்கு உறைக்கவில்லை. கீமோ டாக்டருக்கு ஆபரேஷன் தேதி தெரியாது. சர்ஜன் பெவா தேதியைக் கேட்கவில்லை. இரண்டையும் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கு அது முக்கியம் என்று தெரியாது. டிசம்பர் 28 அன்று கீமோவை மட்டும் ஏற்றி, பெவாவை விட்டிருந்தால் போதும்.

ஆபரேஷன் பிப்ரவரி 15க்குத் தள்ளிப்போனது. நடுவில் ஒரு சுற்று, பெவா இல்லாமல். அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார்கள், தம்பி டிக்கெட்டில் 11,000 போச்சு, லீவு சம்பளம் தனி. அந்த மூன்றரை வாரம் ஒவ்வொரு நாளும் ஈரலில் என்ன நடக்கிறதோ என்று படுத்த படுக்கையில் எண்ணிக்கொண்டிருந்தது கணக்கில் வராது. "சர்ஜரிக்கு வாய்ப்பு இருக்கு" என்று யார் வாயிலிருந்து வந்தாலும், அன்றே "அப்ப பெவாவை எப்ப நிறுத்தறீங்க?" என்று கேளுங்கள். கடைசியாகப் போட்ட தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள். பல் டாக்டராக இருந்தாலும் அதைக் காட்டுங்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். மிச்சமிருந்த இரண்டு சுற்றும் பெவா இல்லாமல் ஏப்ரலில் முடிந்தது. அடுத்த ஸ்கேன் வருகிற 14ஆம் தேதி. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அப்பா போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறார். விரல் நுனியில் மரமரப்பு போகவில்லை, மரை தட்டுப்படுவதில்லை என்பதால் டேப் சுற்றுவது மட்டும் கூட வருகிற பையன். "சுத்தினதும் இழுத்துப் பாருடா" என்று பக்கத்திலேயே நின்று சொல்கிறாராம்.